நாலாவது பாட்டு வருவதற்குள்...

மணிமொழி மூன்று பேரின் காலை மிதித்து, ஒரு கூடைக் கத்தரிக்காயைத் தாண்டி, ஓடும் பஸ்ஸில் முன்னால் பாய்ந்தாள்.

அதற்குள் அந்த நெட்டையன் டிரைவருக்குப் பக்கத்திலிருந்த பாட்டுப்பெட்டியில் கையை வைத்துவிட்டான். பென் டிரைவை இரண்டு விரலால் பிடித்திருந்தான். ஒரே ஒரு இழுப்பு... அவளுடைய நாற்பது வாரக் காத்திருப்பு காலி.

"யோவ், கைய எடு."

அவன் திரும்பினான். கண்ணாடிக்கு வெளியே மழை சரம் சரமாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் அவன் கண்கள் மட்டும் சிவந்து, கலங்கி... பாட்டை நிறுத்த வந்தவனின் கண்கள் மாதிரியே இல்லை. யாரோ அவனைப் பிடித்து அடித்துக்கொண்டிருப்பது போல இருந்தன.

'கண்ணைப் பாரு... இவனுக்கென்ன வந்தது?'

"இந்தப் பாட்ட நிறுத்தச் சொல்லுங்க, ப்ளீஸ். இது தப்பு" என்றான்.

"இன்னா தப்பு?"

"வேகம் தப்புங்க. கேசட்டுல இருந்து எடுக்கும்போது டேப் வேகமா ஓடியிருக்குது. அந்தம்மாவோட குரலே இது இல்ல."

பஸ்ஸில் ஒரு சிரிப்பு அலை கிளம்பிப் பின் சீட்டு வரைக்கும் போனது.

அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சிக்குப் போகும் காலை எட்டுப் பத்து வண்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமையானால் அதில் யாரும் கேட்டிராத பாட்டுதான் ஓடும். தினமும் போய்வரும் நாற்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். கண்டக்டர் விநாயகம் அதற்கு அட்மின். வாரத்துக்கு ஒருவர் முறை. ஊரெல்லாம் ஒலித்த பாட்டு கூடாது. ஓடாத படம், விற்காத கேசட், பெயர் தெரியாத பாடகர் என்று எதையாவது தோண்டி எடுத்து வர வேண்டும். 'அட, இதை ஏன் எவனும் கேட்கவில்லை' என்று மற்றவர்கள் வாயைப் பிளக்க வேண்டும். பிளந்தால் அந்த வாரம் முழுக்க அவர்தான் ராஜா. பிளக்காவிட்டால் மறு வெள்ளி வரை கிண்டல்.

இந்த வெள்ளி மணிமொழியின் முறை. அவள் கொண்டுவந்தது 'ஏழாம் மடை'. முப்பது வருஷத்துக்கு முன்னால் வந்த கேசட். யாரோ ஒருவர் யூட்யூபில் ஏற்றியிருந்ததிலிருந்து எடுத்தது. படப்பாட்டு இல்லை. எட்டே பாட்டு. பாடியவர் விருத்தாம்பாள் என்று ஒருத்தர். அந்தப் பெயரை வேறு எந்த கேசட்டிலும் பார்க்க முடியாது. மணிமொழிக்கு ராஜாவாக ஆசையெல்லாம் இல்லை. நாலாவது பாட்டை இந்த அறுபது பேரும் ஒரு தடவை முழுசாகக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டாவது பாட்டிலேயே இவன் வந்து நிற்கிறான்.

"ஏம்மா மணி, உன் ஆளு குரலே இல்லியாம்" என்றார் விநாயகம், டிக்கெட் கிழித்துக்கொண்டே.

"கேட்டா அப்டித்தான் இருக்குது. ரயில பிடிக்கப் போறவங்க மாதிரி பாடுறாங்க" என்றது ஒரு ஜன்னல் சீட்டு.

மறுபடி சிரிப்பு. மணிமொழிக்குக் காது மடல் வரை சூடு ஏறியது.

"ஆறு வருஷமா கேக்குறேன். எனக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சி? யார்யா நீ?" அவள் குரல் நடுங்கியது. அந்த நடுக்கம் இன்னும் கோபத்தைக் கிளறிவிட்டது. "வேலைய விடணும்னு மாப்பிள்ள சொன்னான். நான் கல்யாணத்த விட்டுட்டேன். நைனாலேர்ந்து தம்பி வரைக்கும் எட்டு மாசம் வீட்ல ஒருத்தரும் எங்கிட்டப் பேசல. இந்தம்மாதான் பேசினாங்க. இதுல வேகம் தப்பாம்... வந்துட்டான்."

சொன்ன பிறகுதான் பஸ்ஸே அமைதியாக இருப்பது உறைத்தது. சே. யாருக்கும் சொல்லாததை அறுபது பேருக்குச் சொல்லிவிட்டாள்.

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. விரல் தானாகப் பென் டிரைவை விட்டது. அவளையே பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்தான்... கேட்கவில்லை.

"வண்டிய நிறுத்துங்க" என்றான் டிரைவரிடம்.

நிறுத்தமே இல்லாத இடம். இரண்டு பக்கமும் நெல் வயல். கொட்டுகிற மழையில் குடையில்லாமல் இறங்கிப் போய்விட்டான்.

பாட்டு தொடர்ந்து ஓடியது. ஆனால் இப்போது ஒவ்வொரு வரிக்கும் எங்கோ ஒரு மூலையில் ஒரு களுக். மூன்றாவது பாட்டு முடிவதற்குள் மணிமொழியே போய்ப் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டாள். நாலாவது பாட்டை இவர்கள் சிரித்துக்கொண்டே கேட்பதற்குக் கேட்காமலே இருக்கட்டும்.

செஞ்சி மலைகள் மழையில் கரைந்து நின்றன. அவள் ஒரு தடவை கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

*

பதினொரு மணி. கடைத்தெருவிலிருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மணிமொழி ஊசியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்தது தனசேகரன், இருபத்தொம்பது வயசு, பிளட் குரூப் பார்க்கணுமாம்" என்று சீட்டை நீட்டினாள் வரவேற்பிலிருந்த ஜெயசுதா. "சொட்டச் சொட்ட நனைஞ்சி வந்திருக்காருடி. துண்டு குடுக்கவா?"

திரை விலகியது. நெட்டையன்.

மணிமொழி ஊசியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். இந்தக் காலை நேரத்தில் முதல் தடவையாக அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பு இல்லை.

"உக்காருங்க. கைய நீட்டுங்க."

"வேற யாராச்சும் இருக்காங்களா... எடுக்க?"

"இல்ல."

"கோவத்துல இருக்கீங்க."

"கோவம் இல்லாட்டியும் குத்துவேன். அதுக்குத்தான் சம்பளம்."

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினான். இமைகளில் இன்னும் மழைத்துளி. ஊசி பட்டதும் அந்தத் துளி நடுங்கி விழுந்தது. மணிமொழி சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். 'இமையைப் பார்க்கிற நேரமா இது?'

"தாலுகா ஆபீஸ்ல சர்வேயரா சேரணும். அதுக்கு சர்டிபிகேட்" என்றான் கண்ணைத் திறக்காமல். "அக்கா வீடு அவலூர்பேட்டை. இன்னிக்குத்தான் அந்த வண்டியில முதல் தடவ ஏறுனேன்."

"நான் கேட்டனா?"

"இல்ல."

"அப்புறம்?"

ரத்தம் மெல்லக் குழாயில் ஏறியது.

"ஒரிஜினல் கேசட் எங்கிட்ட இருக்குதுங்க. சரியான வேகத்துல இருக்குது. விருத்தாம்பாளுக்குப் பாடும்போது நாப்பத்தி மூணு வயசு. நீங்க கேக்குறதுல இருபது வயசுப் பொண்ணு மாதிரி கேக்குது. ஒரு தடவ..."

"வேணாம்."

"ஒரே ஒரு பாட்டு."

"வேணாம்னா வேணாம். யாரோ வேகம் தப்பா ஏத்துனா, போய் அந்தப் புண்ணியவானத் திட்ட வேண்டியதுதான? அத்தன பேர் நடுவுல என்னை ஏன் அசிங்கப்படுத்துனீங்க?"

அவன் கண்ணைத் திறந்தான்.

"திட்டிக்கிட்டுத்தாங்க இருக்கேன்."

மணிமொழி பஞ்சை வைத்து அழுத்தினாள். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினாள்.

"மதியம் ரெண்டு மணிக்கு ரிசல்ட். வெளிய ஜெயசுதா அக்காகிட்ட வாங்கிக்குங்க. எங்கிட்ட வரத் தேவையில்ல."

*

அன்று மாலையே விநாயகம் ஒரு காரியம் செய்தார். 'புதுசா ஒரு பாட்டுப் பைத்தியம் கிடைச்சிருக்கு' என்று தனசேகரனைக் குழுவில் சேர்த்துவிட்டார். சேர்த்த இரண்டாவது நிமிஷம் மணிமொழி குழுவை விட்டு வெளியேறினாள். நாலு வருஷக் குழு. அவள் சொல்லித்தான் நாதஸ்வரக் கச்சேரி கேசட் ஒன்று ஊரெல்லாம் பரவியது. அவள் சொல்லித்தான், ஓடாத படத்தின் பாட்டை ஒரு தமிழாசிரியர் ரிங்டோனாக வைத்திருக்கிறார். எல்லாம் போகட்டும்.

திங்கட்கிழமை பஸ்ஸில் அவன் கடைசிப் படியருகே நின்றான். முன்னால் வரவில்லை. செவ்வாயும் அப்படியே. அவன் பார்க்கிறானா என்று பார்க்கக் கூடாது என்று அவள் முடிவெடுத்து, முடிவெடுத்து, நாலு தடவை பார்த்துவிட்டாள். நாலு தடவையும் அவன் ஜன்னல் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கும் கோபம் வந்தது.

புதன்கிழமை விநாயகம் டிக்கெட்டோடு ஒரு பென் டிரைவையும் நீட்டினார்.

"அந்தத் தம்பி குடுத்துச்சி. கேக்கப் பிடிக்கலன்னா ஏரியில போட்டுடச் சொன்னாரு."

"நீங்களே போடுங்கண்ணா."

"நான் போடுவேன். அப்புறம் நீ ஏரியில எறங்கித் தேடுவ. எதுக்கு எனக்கு அந்தப் பாவம்?"

அவள் வாங்கிப் பைக்குள் போட்டாள். போட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வியாழன் மதியம் கரன்ட் போனது. மிஷின்கள் எல்லாம் ஓய்ந்தன. ஜெயசுதா சாப்பாட்டுக்குப் போய்விட்டாள். மணிமொழி பென் டிரைவை போனில் சொருகி, இயர்போனைக் காதில் வைத்து, நேராக நாலாவது பாட்டுக்குப் போனாள்.

முதல் வரியிலேயே முதுகு நிமிர்ந்தது.

யார் இது...

அவளுக்குத் தெரிந்த குரல் மெல்லியது. ஓடிவந்து கண்ணைத் துடைத்துவிடும் குரல். இது கனமாக, மெதுவாக, அடி வயிற்றிலிருந்து வந்தது. வரிக்கும் வரிக்கும் நடுவே அந்தம்மா மூச்சு வாங்குவது கேட்டது. வேகமாக ஓடியபோது அந்த மூச்செல்லாம் நசுங்கிப் போயிருக்கிறது. அழாதே, எல்லாம் சரியாகும் என்று சொல்கிற பாட்டு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இல்லை. இது கோபப்பாட்டு. என்னைப் பேசாமல் வைத்தவர்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஒருத்தி பல்லைக் கடித்துப் பாடியது. அந்த எட்டு மாசத்தில் அவளுக்கு உண்மையில் வேண்டியிருந்தது இதுதான். ஆறுதல் இல்லை... கூடச் சேர்ந்து கோபப்பட ஒரு ஆள்.

மூன்று தடவை கேட்டாள். கன்னம் நனைந்திருந்தது. துடைத்தாள். துடைத்ததும் புதுக் கோபம் ஒன்று கிளம்பியது. ஆறு வருஷம் இதை யார் அவளிடமிருந்து பிடுங்கி வைத்தது? சரியானதைக் கையில் வைத்துக்கொண்டு இவன் ஏன் பூட்டி வைத்தான்?

ஜெயசுதா வந்ததும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கடி?"

"சண்ட போட."

"சட்டு புட்டுனு முடிச்சிட்டு வா. நாலு மணிக்குச் சுகர் டெஸ்ட் ஆளுங்க வருவாங்க."

தாலுகா ஆபீஸில் கேட்டாள். கோட்டைப் பக்கம் அளக்கப் போயிருக்கிறான் என்றார்கள். மலையடிவாரத்தில், பாறைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் இடத்தில், கல் மண்டபத்துக்குள் அவன் ஒதுங்கியிருந்தான். அளவுக் கருவிக்குத் தன் மழைக்கோட்டைப் போர்த்திவிட்டுத் தான் நனைந்துகொண்டிருந்தான்.

"கேட்டேன்" என்றாள் மூச்சு வாங்க.

அவன் எழுந்து நின்றான். அந்தக் கண்களில் சட்டென்று ஒரு விளக்கு எரிந்தது.

"எப்டி..."

"எப்டியா? இத வச்சிக்கிட்டு ஏங்க சும்மா இருந்தீங்க? ஊரெல்லாம் தப்பானதையே கேட்டுட்டுக் கெடக்குது. நான் எத்தன பேருக்குச் சொல்லியிருப்பேன் தெரியுமா, இதக் கேளுங்க இதக் கேளுங்கன்னு? ஒருத்தரும் நாலு நாள் கழிச்சி அதப் பத்திப் பேசுனது இல்ல. அவங்களுக்கு ரசனை இல்லன்னு நினைச்சேன். பாட்டே இல்லாதத குடுத்திருக்கேன்." குடையை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். "யூட்யூப்ல அத ஏத்துனவன் யாருன்னு தெரியுமா உங்களுக்கு? தெரிஞ்சா சொல்லுங்க. சட்டையப் பிடிச்சி நாலு கேள்வி கேக்கணும்."

மழை மண்டபத்தின் நான்கு பக்கமும் திரை போட்டது. அவன் ஒரு அடி முன்னால் வந்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"பிடிங்க" என்றான்.

"இன்னா?"

"சட்டைய. நான்தான் ஏத்துனேன்."

நீட்டிய குடை தாழ்ந்தது.

"அப்ப எனக்கு இருபத்தி மூணு வயசு. பழைய டேப் டெக், மோட்டார் வேகமா சுத்துது. எனக்குத் தெரியல. ஒரு வருஷம் கழிச்சி நல்ல டெக்குல போட்டேன். கேட்டதும் ஒடம்பெல்லாம் கூசிப்போச்சி. அந்தம்மா பாடுனதையே கெடுத்து வச்சிருக்கேன்."

"தெரிஞ்சிது இல்ல? அப்பவே தப்பானத அழிச்சிட்டுச் சரியானத ஏத்த வேண்டியதுதான? ஒரு பட்டன அமுக்குற வேலை. அஞ்சு வருஷமா இன்னா பண்ணீங்க?"

"தினம் அந்தப் பட்டன் வரைக்கும் போவேன்."

"போய்?"

"திரும்பி வந்துடுவேன்."

"ஏன்?" அவள் குடையைக் கீழே போட்டுவிட்டு உண்மையிலேயே அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள். ஈரத்துணி விரலில் ஒட்டியது. இத்தனை கிட்டத்தில் அவன் கண்கள்... "அந்தம்மாவ விட, பாட்ட விட, அப்படி இன்னாதான் பெருசா போச்சி உங்களுக்கு? சொல்லுங்க."

அவன் அவள் கையை விலக்கவில்லை. கீழே குனிந்து, அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"வீடியோவ அழிச்சா அதுக்குக் கீழ இருக்குறதும் சேர்ந்து போயிடும்ங்க. கீழ ஒரே ஒருத்தங்கதான் எழுதியிருந்தாங்க. பேர் இல்ல, போட்டோ இல்ல. 'என் வீட்டில் எட்டு மாதமாக யாரும் என்னிடம் பேசவில்லை. இந்தப் பாட்டை ஏற்றியவர் யாரோ, நீங்கள் பேசினீர்கள்'னு."

எழுதியதையே அவள் மறந்து போயிருந்தாள்.

"காலையில எழுந்ததும் அதப் படிச்சிட்டுத்தான் மத்த வேலை. யாருன்னு தெரியாது, எந்த ஊருன்னு தெரியாது. வெள்ளிக்கிழமை பஸ்ல நீங்க கத்துனப்பதான் தெரிஞ்சிது." அவன் நிமிர்ந்தான். "பாட்டத் திருத்தணும்னா உங்கள அழிக்கணும்ங்க, மணிமொழி. எனக்கு அது முடியல."