கணக்கில் வராத கை

எழுபத்தாறாம் ஆண்டு. பிற்பகல் கோச்சியில் பதுளை ரயில் நிலையத்துக்கு வந்து இறங்கிய புஹாரி ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். அட்டையில் ‘டிஸ்கிரீட் மெதமெடிக்ஸ்’ என்ற எழுத்து வெளியே தெரியும்படி பிடித்திருந்தான். பேராதனையில் முதலாம் வருஷம். மழை தூறியும் அட்டையை மறைக்கவில்லை.

கீழே கருவாட்டுக் கடை, மேலே வீடு. வாப்பா போன பிறகு கடையில் நின்று அவனைப் படிக்கவைத்தவர் அவன் அண்ணன், ஜாபிர் நானா. கொஸ்லந்த வளைவில், பனிமூட்டத்தில், நானா லொறியோடு பள்ளத்தில் விழுந்து இறந்து இன்று நாற்பதாம் நாள். தந்தி வந்த அன்று புஹாரிக்குப் பரீட்சை. எழுதி முடித்துவிட்டு அழலாம் என்று தீர்மானித்தான். அதற்குள் அடக்கம் செய்துவிட்டார்கள்.

அதற்கு முந்திய சங்கதியை அவன் யாரிடமும் சொன்னதில்லை. கடைசியாகக் கோச்சி ஏறியபோது, பெட்டியைத் தலையில் சுமந்து வந்த நானா ஜன்னலுக்குள் கை நீட்டினார். கருவாட்டுக் கத்திக்குச் சுட்டுவிரல் நுனியைக் கொடுத்த கை. உள்ளே கெம்பஸ் பெண்கள் இருந்தார்கள். கனவான் புஹாரி தன் கையைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

படிக்கட்டில் பகலிலேயே இருட்டு. பூட்டிக் கிடந்த கடையின் உப்பு வாடை தொண்டையைப் பிடித்தது. கடைப் பலகையோரம் நின்ற ஒருவர் கை நீட்டினார். பெரிய மனிதர்கள் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? கையைக் கொடுத்துவிட்டு மேலே ஏறினான்.

மேலே வாஹித் மாமா, நானாவுக்குக் கத்தம் ஓத வந்த லெப்பை, பக்கத்துக் கடை ஸலீம். மூவருக்கும் கை கொடுத்து உட்கார்ந்தான். ஓதி முடிந்து தேத்தண்ணி வந்தது.

“அங்க அப்பிடி என்னதான் படிக்கிற?” என்றார் மாமா.

புஹாரி தொண்டையைச் செருமினான். “ஒருக்கா கை குலுக்கினா ரெண்டு பேருக்கும் ஒவ்வொண்டு. எல்லார்ட எண்ணிக்கையையும் கூட்டினா இரட்டைப்படைதான் வரும் மாமா. உலகத்தில எங்கயும்.”

“இதப் படிக்கவா கோச்சி ஏறின?” என்றார் ஸலீம். “சரி, எண்ணிப் பாப்பம்.”

மாமா மூன்று பேருக்குக் கொடுத்திருந்தார். சேர்ந்து வந்த லெப்பையும் ஸலீமும் தங்களுக்குள் கொடுத்துக்கொள்ளவில்லை, ஆளுக்கு இரண்டு. புஹாரிக்கு நான்கு.

“பதினொண்டு,” என்றார் மாமா, பரம திருப்தியோடு. “பேராதனை பெயில்.”

“யாரோ பிழையா எண்ணிட்டீங்க.”

“நீங்க நாலு பேருக்கு எப்பிடிக் குடுத்த? உங்கள விட்டா நாங்க மூணு பேர்தானே?” என்றார் லெப்பை.

“கீழ ஒருத்தர் நிண்டாரே, கடைப் பலகைக்குப் பக்கத்தில.”

மாமா கோப்பையைக் கீழே வைத்தார்.

“கீழ ஆரும் இல்ல மகன்.”

புஹாரி தன் வலது கையைப் பார்த்தான்.

கீழே அவன் பிடித்த அந்தக் கை குளிர்ந்திருந்தது. ஈரமாக இருந்தது.

ஒரு விரல் குட்டை.

படிகளில் விழுந்தெழுந்து ஓடினான். பலகையோரம் யாரும் இல்லை. வாடை மட்டும் இருந்தது.

“நானா,” என்று கிசுகிசுத்தான். “முகத்தப் பாக்கல்ல நானா. இன்னொருக்கா தாங்க.”

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை நீட்டிய கையோடு நின்றான். எதுவும் வந்து தொடவில்லை.

அடுத்த வாரம் பேராதனையில், சூடான நாடுகளுக்கு ஆகாத கோட்டொன்றைப் போட்டிருந்த விரிவுரையாளர் அதே தேற்றத்தைச் செய்துகாட்ட விரும்பினார். அக்கம்பக்கத்தாருக்குக் கை கொடுத்துவிட்டு எண்ணிக்கையைச் சொல்லும்படி ஆணையிட்டார். புஹாரி யாருக்கும் கொடுக்கவில்லை. வலது கையை மேசைமேல் விரித்து வைத்துக் காத்திருந்தான். தன் முறை வந்ததும் ‘பூச்சியம்’ என்றான்.

கரும்பலகையில் கூட்டல் நாற்பத்தேழில் நின்றது. எண்ணத் தெரியாதவர்கள் பல்கலைக்கழகத்துக்கு வருவதைப் பற்றி விரிவுரையாளர் நெடுநேரம் வருந்தினார்.

பக்கத்தில் இருந்த தம்பையா, நமுனுகுலத் தோட்டத்துப் பையன், மெல்லக் குனிந்தான்.

“நான் சரியாத்தான் சொன்னேன்டா. ஒன் பின்னால நின்னாரே, அவருக்குங் குடுத்தேன். யாரு அவரு, கையெல்லாம் கருவாட்டு வாசம்? ‘தம்பியப் பாத்துக்கோங்க’ன்னு சொல்லிட்டுப் போறாரு.”

புஹாரியின் கை மேசைமேல் விரிந்தபடியே இருந்தது.