வசிப்போர்: 2

நவம்பர் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை. காலை முதல் விடாத தூறல்; காற்று அறவே இல்லை.

வடிகால் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், ஈரக் குடைகளின் வாடையும் பழைய கணினிகளின் சூடும் கலந்து தேங்கிய அறையில், வரைபடக்காரி தன் திரையில் ஒரு சிறு பிசகைக் கண்டாள். அவள் வீட்டு வாசல் பூட்டப்படாமல் இருந்தது.

திரையில்தான். இலவச வரைபட மென்பொருளில் கூடுதல் வசதி தரும் புதிய செருகுநிரல் (plugin) ஒன்றைச் சேர்த்தால், அது ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்க்க, அத்தொழிலில் இருப்போர் முதலில் தம் வீட்டையே வரைவர். அவளும் முற்பகலில் வரைந்தாள்: கூடம், சமையலறை, மகளின் அறை. வாசற்கதவுக்கு 'பூட்டு: உண்டு' என்றும், வீட்டுக்கு 'வசிப்போர்: 2' என்றும் குறித்து, அப்படத்தை ஒரு தனி அடுக்காக ஒரே சொடுக்கில் இணையத்தில் ஏற்றினாள். இப்போது அதே கட்டத்தில் 'பூட்டு: இல்லை' என்றிருந்தது.

"இதை நீங்களா மாத்தினீங்க?" என்று பக்கத்து மேசைக்காரரைக் கேட்டாள்.

"உங்க வீட்டுப் பூட்டை நான் எதுக்குக்கா தொடப்போறேன்? என் வீட்டுச் சாவியே என்கிட்ட இல்ல, வீட்டுக்காரிகிட்டதான் இருக்கு." அவர் எட்டிப் பார்த்தார். "அட, 'யாரும் திருத்தலாம்'னு விட்டே ஏத்திட்டீங்களா? ஊருக்கே கதவத் திறந்து வச்சிட்டீங்க, போங்க! அத மாத்துங்க, நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றது. வீட்டில் பதினொரு வயது மகள் காய்ச்சலோடு தனியே படுத்திருந்தாள். அழைத்தாள்.

"சொல்லுங்க மேப் மேடம்." குரல் கரகரத்தாலும் கிண்டலுக்குக் குறைவில்லை. இரண்டாண்டுகளாக அம்மா என்ற சொல்லே அவள் வாயில் வந்ததில்லை.

"வாசக்கதவு பூட்டியிருக்கான்னு பாரு."

"நீங்கதான பூட்டிட்டுப் போனீங்க? காய்ச்சல் எனக்கா உங்களுக்கா?" பாதங்கள் தரையில் ஒட்டிப் பிரியும் ஓசை. பிறகு, "திறந்திருக்கே."

"தாழ்ப்பாள் போடு. உன் ரூமுக்குப் போயி அதையும் சாத்திக்க. போன வைக்காத, கண்ணு."

இரண்டு தாழ்ப்பாள்கள் விழுந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. பத்து நொடிக்கு ஒருமுறை தானே புதுப்பித்துக்கொள்ளும் வரைபடம் மெல்லக் கண் சிமிட்டியது. கூடத்தின் நடுவில், அவள் வரையாத நீலப் புள்ளி ஒன்று. திருத்தியவர் பெயர் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாகக் கிடந்தது.

'வசிப்போர்: 3.'

செருகுநிரலின் அமைப்புப் பக்கத்தைத் தேடித் திறந்தாள். 'யாரும் திருத்தலாம்', 'உரிமையாளர் மட்டும்', 'ஒருவரும் கூடாது.' படித்துத் தேர நிதானமில்லை, கடைசியை அழுத்தினாள். சர்வர் யோசித்தது. சிறு வட்டம் சுழன்றது.

தொலைபேசியில் மழை. மகளின் மூச்சு. அதற்குப் பின்னால், ஈரத்துணியைத் தரையில் இழுப்பது போல ஏதோ ஒன்று.

வரைபடம் சிமிட்டியது. புள்ளி மகளின் அறைக் கோட்டின்மீது.

"மேப் மேடம்..."

"சொல்லு கண்ணு."

"கட்டிலுக்குக் கீழ ஒரே ஈரமா இருக்கு."

"கீழ பாக்காத. வெளிய ஓடு. ஓடு!"

வட்டம் சுழன்றது. மூச்சு கேட்கவில்லை. மழை மட்டும்.

சிமிட்டல்.

'வசிப்போர்: 2.'

போய்விட்டது! மேசையில் நெற்றியை முட்டுக்கொடுத்து அவள் விம்மினாள். அக்கணமே வட்டமும் நின்றது; மாற்றம் ஏற்கப்பட்டதாகத் திரை அறிவித்தது.

"கண்ணு? இருக்கியா?"

"இருக்கேன் அம்மா." கரகரப்பே இல்லாத, கழுவிவிட்டது போன்ற குரல். "இப்ப ஒண்ணும் இல்ல அம்மா. சீக்கிரம் வாங்க."

அவள் மெல்ல நிமிர்ந்தாள். நீலப் புள்ளி போகவில்லை. மகளின் அறையில், கட்டில் இருக்கும் இடத்தில், அசையாமல் நின்றது.

2-ஐ அழித்தாள். 3 என்று தட்டினாள். சேமி. மறுபடி. மறுபடி.

'இந்த அடுக்கைத் திருத்த ஒருவருக்கும் அனுமதி இல்லை. கடைசித் திருத்தம்: மாலை 4 மணி 17 நிமிடம்.'