வியாழக்கிழமைக் கடல்

"இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், இன்று கடல் அமைதியாக இருக்கும். காற்று மென்மையாக வீசும். கடற்றொழிலாளர் யாதொரு அச்சமுமின்றிக் கடலிற் பிரவேசிக்கலாம். இப்படிக்கு, கிராமச்சங்க அக்கிராசனர் வே. சிற்றம்பலம்."

முல்லைத்தீவுக்கு வடக்கே, கள்ளியடிக் கடற்கரையில், பூவரச மரத்தில் கட்டிய கறுப்புப் பலகையில் இந்த மாபெரும் செய்தி தினமும் காலை ஆறு மணிக்கு எழுதப்படும். எழுதுபவர் சிற்றம்பலத்தாரேதான். வெண்கட்டித் தூள் பட்டுவிடாதபடி வேட்டியை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எழுதுவார்.

அவர் அக்கிராசனராகி, அதாவது கிராமச்சங்கத் தலைவராகி, ஆறு மாதம் ஆகியிருந்தது. ஊருக்கு அவர் செய்த முதலாவது தொண்டு இந்தப் பலகை. இரண்டாவது தொண்டு இன்னும் யோசனையில் இருந்தது.

அதற்கு முன்பெல்லாம் கள்ளியடிக்காரர் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் வள்ளம் தள்ளுவார்கள். அண்ணாந்து பார்ப்பது கொக்குக்குத்தான் அழகு என்றும், படித்த உலகம் பத்திரிகையைப் பார்த்தே நடக்கிறது என்றும் சிற்றம்பலத்தார் விளக்கினார். ஊரும் ஏற்றுக்கொண்டது. பலகையை வாசிக்காமல் ஒரு வள்ளமும் இறங்குவதில்லை. பலகை கடலைப் பார்த்தபடி நின்றது. ஆகவே கடல் எப்படி என்று அறிவதற்காக, எல்லாரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஊருக்கு வருவது ஒரே ஒரு பத்திரிகை. அது கொழும்பிலிருந்து மாங்குளம்வரை ரயிலில் வரும். பிறகு பஸ்ஸில் ஏறும். கடைசியில் சைக்கிளில் குலுங்கிக் குலுங்கி அக்கிராசனர் வீட்டுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம் வந்து சேரும். விடிந்ததும் அதிலுள்ள காலநிலை அறிக்கை பலகைக்கு ஏறும்.

அன்று சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. பத்து வயது நேசமலர் தன் அப்பா அப்புத்துரைக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டு கடற்கரைக்கு வந்திருந்தாள். அப்பாவும் அவருடைய கூட்டாளி ஏரம்புவும் வலையை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

சிற்றம்பலத்தார் கடைசி வரியை எழுதி முடிக்கவும், ஒரு காற்று வந்து அவருடைய கையிலிருந்த பத்திரிகையைப் பறித்துக்கொண்டு போனது. மென்மையான காற்று அப்படிச் செய்யாது. ஆனால் பலகையில் மென்மை என்று எழுதியாகிவிட்டதால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

நேசமலர் ஓடிப்போய்ப் பத்திரிகையைக் காலால் அமத்திப் பிடித்தாள். மணலைத் தட்டியபோது அதன் தலைப்பு கண்ணில் பட்டது. வியாழக்கிழமை.

அவள் திரும்பவும் வாசித்தாள். எத்தனை தரம் வாசித்தாலும் அது வியாழக்கிழமையாகவே இருந்தது.

ஓடிவந்தாள். அங்கிருந்தே கத்தியிருக்கலாம். ஆனால் வெள்ளை வேட்டியோடு தனியே நின்ற அந்த மனிதரை எல்லார் முன்னும் வெட்கப்படுத்த அவளுக்கு மனம் வரவில்லை. கிட்டப் போய், மெதுவாகச் சொன்னாள்.

"ஐயா, இது வியாழக்கிழமைப் பேப்பரெல்லோ. இண்டைக்குச் சனிக்கிழமை."

"நேற்று இரவுதான் வந்தது பிள்ளை. வழியிலை வெள்ளம் குறுக்கறுத்து ஓடினதாலை பஸ் ஒரு நாள் பிந்திப்போச்சு. நேற்று வந்த பேப்பர் எப்பிடிப் பழசாகும்?"

"அப்ப இதிலை 'இன்று' எண்டு போட்டிருக்கிறது முந்தநாளை, ஐயா."

சிற்றம்பலத்தார் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். பஸ் ஒழுங்காக வந்த நாட்களிலும் பத்திரிகை வந்தது இரவில்தான். அப்படியானால் அவர் எழுதியது எப்போதும் முதல்நாள் கடலைத்தான். வைகாசியிலிருந்து புரட்டாதிவரை அந்தப் பக்கத்துக் கடல் தினமும் ஒரே மாதிரிக் கிடப்பதால், நேற்றையதும் இன்றையதும் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இப்போது கார்த்திகை பிறந்துவிட்டது.

எண்ணிய விரல்களை மடக்கிக்கொண்டார்.

"வெளியிலை சொல்லிப்போடாதை, பிள்ளை" என்றார். அது அக்கிராசனரின் குரலே அல்ல.

அதற்குள் அப்பாவும் ஏரம்புவும் மற்றவர்களும் பலகையை வாசிக்க மேலே ஏறி வந்துகொண்டிருந்தார்கள். வாசித்தால் போய்விடுவார்கள். பலகை சொன்னால் அப்பா நெருப்புக்குள்ளும் இறங்குவார்.

நேசமலர் கையை நீட்டினாள். "நான் ஒண்டையும் அழிக்கேல்லை, ஐயா. கிழமையை மட்டும் போடுறன்."

அவர் வெண்கட்டியைக் கொடுத்துவிட்டார். அவள் எட்டி, பலகையின் தலைப்பில், பெரிதாக எழுதினாள்: வியாழக்கிழமை.

வந்தவர்கள் வாசித்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். மீண்டும் வாசித்தார்கள்.

"இண்டைக்கு என்ன கிழமை?" என்று ஏரம்பு கேட்டார்.

"சனி" என்றார் அப்பா.

ஏரம்பு மெல்லக் கேட்டார்: "அப்ப இந்த ஆறு மாசமும் நாங்கள் எந்தக் கடலுக்குப் போனனாங்கள்?"

அப்போதுதான் எல்லாரும் திரும்பினார்கள்.

தென்கிழக்கே வானம் இல்லை. வானம் இருக்கவேண்டிய இடத்தில், தண்ணீரிலிருந்து எழுந்த கன்னங்கரிய சுவர் ஒன்று நின்றது. அலைகள் நெடுநேரம் இடைவெளி விட்டு, ஒவ்வொன்றும் தென்னை உயரத்துக்கு வந்து விழுந்தன. கடற்பறவைகள் ஒன்றும் பறக்கவில்லை; வள்ளங்களுக்குப் பின்னால் மணலில் ஒடுங்கிக்கிடந்தன. இவ்வளவும் அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது.

அப்பா மணலில் குந்திவிட்டார்.

ஏரம்பு சிற்றம்பலத்தாரின் பக்கம் திரும்பினார். "எங்களைக் கொல்லவோ பலகை வைச்சனீங்கள்?"

நேசமலர் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"ஐயா எழுதினது பொய்யில்லை, மாமா. வியாழக்கிழமை கடல் அப்பிடித்தானே கிடந்தது?"

ஏரம்பு யோசித்தார். வியாழக்கிழமை அவரே கடலில் இருந்தவர். குளம் மாதிரித்தான் கிடந்தது. உண்மையை மறுக்க அவரால் முடியவில்லை.

"கதையைப் பிறகு கதைப்பம்" என்று அப்பா எழுந்தார். "வள்ளங்களை மேலை ஏத்துங்கோ."

பதின்மூன்று வள்ளங்கள். பன்னிரண்டாவதை இழுக்க ஆள் போதவில்லை. சிற்றம்பலத்தார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். உள்ளங்கைத் தோல் உரிந்தது. அதைப்பற்றி அவர் அறிக்கை எதுவும் விடவில்லை.

பத்து மணிக்குக் காற்று வந்தது. மூன்று வீட்டுக் கூரைகளைக் கழற்றியது. தென்னைகளை வரிசையாகப் படுக்கவைத்தது. வள்ளங்கள் முன்பு கிடந்த இடத்தைக் கடல் முழுவதுமாக விழுங்கியது. பள்ளிக்கூடத்துக்குள் ஊர் முழுவதும் ஒடுங்கியிருந்தது. அப்பா நேசமலரின் தோளைப் பிடித்த பிடியைக் காற்று ஓயும்வரை விடவில்லை. சிற்றம்பலத்தார் ஆட்களை இரண்டு தரம் எண்ணினார். ஒருவரும் குறையவில்லை.

வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் அடுத்த பத்திரிகை திங்கள் இரவுதான் வந்தது. செவ்வாய் விடிய, சிற்றம்பலத்தார் பலகையின் தலைப்பில் முதல் வேலையாகச் 'சனிக்கிழமை' என்று எழுதி, அதற்கு இரண்டு அடிக்கோடும் இழுத்தார். கீழே, வங்காள விரிகுடாவில் கடுமையான தாழமுக்கம் நிலவுகிறதென்றும், யாரும் எக்காரணங்கொண்டும் கடலிற் பிரவேசிக்கலாகாதென்றும் எழுதிக் கையொப்பமிட்டார்.

எல்லாரும் வந்து மரியாதையோடு முழுவதையும் வாசித்தார்கள். பிறகு திரும்பிக் கடலைப் பார்த்தார்கள்.

அன்று எல்லா வள்ளங்களுக்கும் நிறையச் சூடை மீன் பட்டது.