ஏழு பேர் இருந்தால்

காலை 8.52. பிப்ரவரி பதினான்கு, வெள்ளி.

சேஜ் பெஞ்ச் பள்ளியில் ஒரு பையனைக் காணவில்லை என்று வயர்லெஸ்ஸில் செய்தி வந்தபோது, துணை ஷெரிப் மார்னி ஹால்வர்சன் மேக்ரூடர் சரிவின் உச்சியில் வண்டியை நிறுத்தி, கீழே பனி மூடிய சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு வருட வேலையில் அந்தச் சரிவில் வண்டியோடு உருண்ட பதினோரு பேரைத் தூக்கியிருக்கிறாள். அதில் நான்கு பேருக்கு உயிர் இருந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் அங்கே சற்று நேரம் நின்றுவிட்டுப் போவது அவள் பழக்கம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவளும் யோசித்ததில்லை.

சுழியத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி. காற்று ஏறிக்கொண்டிருந்தது.

9.14.

பள்ளி என்பது ஒரே அறை, ஒரே ஆசிரியை, எட்டாம் வகுப்பு வரை. ஆசிரியை ரூத் பிங்கம் புதன்கிழமை படியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டு ஹார்ட்டன் நகர ஆஸ்பத்திரியில் இருந்தார். இன்று அறுவை சிகிச்சை. மதியம் வரை பேச முடியாது. அவருக்குப் பதிலாக ஹார்ட்டனிலிருந்து நாற்பத்தேழு மைல் ஓட்டி வந்திருந்த மிசஸ் கிம்பால், கையில் ஒரு தாளோடு வாசலிலேயே நின்றாள்.

"ஏழு பேருன்னு லிஸ்ட்ல இருக்கு. எண்ணினா ஆறுதான். டில்லன் ப்ரூயிட், ஒன்பது வயசு. வீட்டு நம்பருக்குப் போட்டா இணைப்பே இல்லைங்குது. நான் என்ன பண்ணுவேன்? ஏழு பேருக்குக் கப்கேக் வேற சுட்டுட்டு வந்தேன்."

"இந்த லிஸ்ட் எங்கேருந்து வந்துச்சு?"

"கம்ப்யூட்டர்லேருந்து. தினமும் காலைல எட்டரைக்கு டவுனுக்கு அனுப்பணுமாமே. பெரிய பொண்ணுதான் அனுப்புவாளாம். இன்னிக்கு நானே பேரு கூப்பிட்டுப் போட்டுடறேன்னு சொன்னேன்."

"நேத்து வந்தானா?"

"நேத்து லீவு விட்டுட்டாங்க. புதன்கிழமை 'வந்தான்'னு இருக்கு."

மார்னி உள்ளே வந்தாள். அவளே படித்த அறை. காதலர் தினம், பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அன்பு அட்டை போடும் நாள் என்பதால் ஜன்னலோரம் சிவப்புக் காகிதம் ஒட்டிய காலணிப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஆறு பெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர். எல்லோரும் எல்லோருக்கும் ஓர் அட்டை செய்து கொண்டுவந்து அந்தந்தப் பெட்டியில் போட வேண்டும். ஒருவரையும் விடக்கூடாது என்பதுதான் விதி. பெயர்களை எழுதி முந்தைய வாரமே ரூத் பிள்ளைகளிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஆசிரியையின் மேஜையில், எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட்ட பெரிய அட்டை ஒன்று ரூத்துக்காகக் காத்திருந்தது.

பிள்ளைகள் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவள் ஜோலின் மட்டும் பெட்டிகளின் அருகே நின்றாள். பதின்மூன்று வயது. எல்லோரும் அட்டை போட்டு முடித்திருந்தார்கள். அவள் கையில் மட்டும் இன்னும் ஓர் உறை இருந்தது. ஆசிரியைக்கு இருக்கும் என்று மார்னி நினைத்துக்கொண்டாள்.

கடைசி பெஞ்சில் ஜோலினின் தம்பி கேலப், ஆறு வயது. மணிக்கட்டில் மருத்துவச் சிவப்பு வளையம். வலிப்பு வரும் பிள்ளை.

மார்னி அவன் முன்னால் குந்தினாள். "டில்லன் எங்க உக்காருவான், கேலப்?"

மூலை மேஜையைக் காட்டினான்.

"நீ கடைசியா அவனை எப்ப பார்த்த?"

கேலப் அக்காவைப் பார்த்தான்.

"புதன்கிழமை வந்தான்," என்றாள் ஜோலின். "சிவப்புக் குல்லா போட்டிருந்தான். மூணு மணிக்கு நடந்து போனான்."

"இந்தக் குளிர்லயா? நடந்தா?"

"அவன் அப்படித்தான், மிசஸ் ஹால்வர்சன்."

மற்ற நான்கு பிள்ளைகளும் தங்கள் காலுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவள் பேசினால் மற்றவர்கள் பேசுவதில்லை. அந்த அறையில் அதுதான் வழக்கம். மார்னி படித்த காலத்திலும் அப்படித்தான்.

9.40.

ப்ரூயிட் குடும்பம் ஒன்பது மைல் தள்ளி, வெளி மாநிலத்துக்காரர் ஒருவரின் பண்ணையில், காவலாளுக்கென்று நிறுத்தியிருந்த டிரெய்லர் வீட்டில் இருந்தது. முதலாளி ஜூலை மாதம் மட்டும் வருவார். போகும் பாதையில் ஆளுயரத்துக்குப் பனி. பனி தள்ளும் வண்டி வந்து வழி செய்ய மதியம் இரண்டு ஆகும்.

"உள்ள ஹீட்டர் புகை அடிச்சிருந்தா?" என்றாள் மிசஸ் கிம்பால். "மொத்தக் குடும்பமும்..."

அதையேதான் மார்னியும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

10.15.

பனி ஸ்கூட்டர்களோடு ஒன்பது பேர் முற்றத்தில் கூடிவிட்டார்கள். ஜோலினின் அப்பாவும் அதில் ஒருவர். எல்லோருக்கும் முன்னால் எமில் டோர்வால் நின்றார். எழுபது வயது, மாடு வளர்ப்பவர், பள்ளி போர்டின் தலைவர்.

"பாதையில போக முடியாது. உறைஞ்சு கிடக்கற நீர்த்தேக்கத்து மேல குறுக்கே போயிடலாம்," என்றார்.

"அணை ஓரம் பனிக்கட்டி மெலிசா இருக்கு, எமில். போன வருஷம் ஒரு ஸ்கூட்டர் உள்ள போச்சு."

"ஸ்கூட்டர்தானே போச்சு, ஆள் வந்துட்டான்ல? பதினோரு மணிக்குக் கிளம்பறோம். அதுக்குள்ள உனக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லு. தெரியலைன்னா வழி விடு."

அவர் சற்று நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் போர்டு. இந்தப் பள்ளிக்கூடந்தான் முதல் விஷயம். மாநிலத்துலேருந்து வரவேண்டியது பாதிகூட வரல. ஏழு பேர் இருந்தா தொடரும், ஒண்ணு குறைஞ்சா மூடறதுன்னு அக்டோபர்லயே தீர்மானம் போட்டாச்சு. இந்த நாள் பார்த்து இது நடக்குது பாரு."

மூடினால் ஆறு பிள்ளைகளும் ஹார்ட்டனுக்குத்தான் போக வேண்டும். பஸ்ஸில், மேக்ரூடர் சரிவு வழியாக, போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம்.

10.31.

அவள் மறுபடி உள்ளே போய் டில்லனின் மேஜையைத் திறந்தாள். ஒரு பென்சில், உடைந்த அளவுகோல். மூடியின் மேல் விரலை ஓட்டினாள். விரலில் தூசி ஒட்டியது. புதன்கிழமை உட்கார்ந்தவன் மேஜையா இது?

அங்கேயே நின்றாள். வெளியே ஸ்கூட்டர் ஒன்று உறுமி அடங்கியது.

மேஜை மேல் மிசஸ் கிம்பாலின் கப்கேக்குகள், ஏழு. ஜன்னலோரம் பெட்டிகள்.

மார்னி பெட்டிகளை எண்ணினாள். பிறகு ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து உள்ளே இருந்த அட்டைகளை எண்ணினாள். ஒவ்வொன்றிலும் ஐந்து. அதற்கப்புறம் ஆசிரியையின் மேஜையில் இருந்த பெரிய அட்டையை வெகுநேரம் பார்த்தாள். அதில் ஆறு கையெழுத்து. ஜோலினின் கையெழுத்து எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

10.38.

"ஜோலின். கோட்டு மாட்டற அறைக்குக் கொஞ்சம் வா."

குறுகலான அறை. நனைந்த கம்பளி வாசனை. ஜோலின் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"உன் கையில ஒரு உறை இருந்துச்சே. எங்க?"

ஜோலின் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ரூத்துக்குன்னு நினைச்சேன். ஆனா அவங்களுக்குப் போடற அட்டையில நீ ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்க. உன்னோடது போக அஞ்சு பெட்டி. அஞ்சுலயும் உன் அட்டை இருக்கு. எல்லாரும் அஞ்சு செஞ்சாங்க. நீ மட்டும் ஏன் ஆறு செஞ்ச?"

மார்னி காத்திருந்தாள். காத்திருப்பதில் அவளை யாரும் ஜெயித்ததில்லை.

ஒரு நிமிடம் கழித்து ஜோலின் சட்டைக்குள்ளிருந்து உறையை எடுத்து நீட்டினாள். அதன் மேல் டில்லன் என்று எழுதி, ஓரத்தில் ஒரு சிவப்புக் குல்லா வரைந்திருந்தது.

"போட வந்தேன். அவனுக்குப் பெட்டியே இல்ல," என்றாள். "மறந்தே போச்சு. இருக்காதுங்கறதே மறந்து போச்சு."

"எப்ப போனான்?"

"அக்டோபர் கடைசியில. அவங்கப்பாவுக்கு வயோமிங்ல வேலை கிடைச்சுதாம்."

"தினமும் வந்தான்னு போட்டது நீ."

தலையசைத்தாள். "டீச்சருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஆகாது. பார்க்கவே மாட்டாங்க. சில நாள் வரலைன்னும் போடுவேன். சளின்னு, மாடு கன்னு போட்டுச்சுன்னு. தினமும் வந்தா சந்தேகம் வருமே."

"ரூத் போர்டுக்கு எழுதியிருப்பாங்களே?"

"எழுதினாங்க. தபால் பையை ரோட்டுப் பெட்டி வரைக்கும் கொண்டு போறது நான்தான்." அவள் விரலைக் கடித்தாள். "கிழிக்கல. என் மேஜையில இருக்கு."

"கேலப்புக்காகவா?"

இப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். "போன வருஷம் ரெண்டு தடவை வந்துச்சு. டீச்சருக்கு என்ன பண்ணணும்னு தெரியும். பஸ்ல டிரைவர் ஒருத்தர்தான். அந்தச் சரிவுல நிறுத்தவும் முடியாது. நான் அவனைப் பிடிச்சுக்கிட்டு... நான் என்ன பண்ணுவேன், மிசஸ் ஹால்வர்சன்?"

மார்னி வெளிக்கதவின் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"உங்கப்பா பனிக்கட்டி மேல போகப்போறாரு. தெரியுமா?"

"தெரியும். சொல்லத்தான் எழுந்தேன். மூணு தடவை எழுந்தேன். கால் வரல."

10.49.

ஜோலின் எடுத்துக் கொடுத்த ரூத்தின் கடிதத்தில் வயோமிங் பள்ளியின் பெயர் இருந்தது. மார்னி தொலைபேசினாள். அங்கிருந்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "டில்லனா? இங்கதான் இருக்கான். கை முழுக்கப் பசை. வரச் சொல்லவா?"

"வேண்டாம்," என்றாள் மார்னி. "இருக்கான்ல, போதும்."

10.56. முற்றத்தில் ஒன்பது எஞ்சின்களும் ஓடிக்கொண்டிருந்தன. அவள் வயர்லெஸ்ஸை எடுத்தாள். பொத்தானை அழுத்தாமல் சற்று நேரம் கையில் வைத்திருந்தாள். எமிலோடு அந்த ஒன்பது பேர், ஹார்ட்டன் அலுவலகம், வட்டாரத்தில் வயர்லெஸ் கேட்கும் ரேடியோ வைத்திருக்கிற அத்தனை சமையலறைகளும் கேட்கும். மதியம் ரூத்தைக் கேட்கும்வரை பொறுங்கள் என்று சொல்லி இழுத்தால் இவர்கள் பனிக்கட்டி மேல் ஏறுவார்கள். காரணம் சொல்லாமல் நிறுத்தினால் எமில் நிற்கமாட்டார்.

அழுத்தினாள்.

"தேடல் ரத்து. யாரும் காணாமப் போகல. பையன் வயோமிங்ல பத்திரமா இருக்கான். அக்டோபர்லேருந்து."

எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

11.10.

"ரூத்!" எமில் கோட்டு மாட்டும் அறையின் பெஞ்சு மேல் கையுறையை அடித்தார். "நாலு மாசமா எங்களை ஏமாத்தியிருக்கா. முப்பத்தோரு வருஷம்! அவ டீச்சரா இனி எங்கேயும்..."

"ரூத் இல்ல."

"வேற யாரு? லிஸ்ட் இங்கேருந்துதானே வருது?"

"ரூத் பண்ணியிருந்தா அந்த ஜன்னல்ல ஏழு பெட்டி இருந்திருக்கும்," என்றாள் மார்னி. "போர்டை ஏமாத்தறவங்க அறையையும் பொருத்தமா வச்சிருப்பாங்க. பெயர் எழுதி வீட்டுக்குக் கொடுத்தது ரூத். அதுல டில்லன் இல்ல. அவங்களைப் பொறுத்தவரைக்கும் அவன் போயிட்டான். உங்களுக்கும் எழுதிட்டாங்க." கடிதத்தை நீட்டினாள். "பட்டியல்ல அவனைத் தினமும் உயிரோட வச்சிருந்தது வேற ஒருத்தர். அவங்க மட்டுந்தான் பழக்க தோஷத்துல அவனுக்கும் ஒரு அட்டை செஞ்சாங்க."

உறையைக் கடிதத்தின் மேல் வைத்தாள். எமில் சிவப்புக் குல்லாவைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக் கதவு வழியே உள்ளே பார்த்தார். ஜோலின், தம்பியின் சட்டைக் கையில் ஒட்டியிருந்த கப்கேக் கிரீமைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க பதில் போடலையேன்னு ரூத் கேக்கவே இல்லையே," என்றார் எமில்.

"மறந்துட்டீங்கன்னு நினைச்சிருப்பாங்க. நினைவுபடுத்த மனசு வந்திருக்காது. நானா இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்."

"போர்டுல மத்த ரெண்டு பேரும் பத்துப் பிள்ளைங்க வேணும்னாங்க, மார்னி. நான்தான் சண்டை போட்டு ஏழுன்னு வச்சேன். அப்ப ஏழு பேரு இருந்தாங்க. இது போதும், இந்தப் பள்ளிக்கூடம் பொழைச்சுக்கும்னு நினைச்சேன்." கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். "நீ அதை வயர்லெஸ்ஸுல சொல்லாம இருந்திருக்கலாம்."

"நீங்க தண்ணிக்குள்ள போயிருப்பீங்க."

"ஆமா," என்றார் எமில். "போயிருப்பேன்."

"அறிக்கையில அந்தப் பொண்ணு பேரை எழுதித்தான் ஆகணும். இல்லைன்னா ரூத் தலையில விழும்."

"எழுது."

மாலை 6.04.

போர்டு கூட்டம் ஹார்ட்டனில். முதல் விஷயம் நான்கு நிமிடத்தில் முடிந்தது. மூன்று கைகள் உயர்ந்தன. எமிலின் கை கடைசியாக உயர்ந்தது. ஜூன் முதல் சேஜ் பெஞ்ச் பள்ளி இல்லை. இரண்டாவது விஷயம் பஸ். காலை 5.40க்குப் புறப்பாடு.

மார்னி பின்வரிசையிலிருந்து எழுந்தாள். "டிரைவர் கூட இன்னொரு ஆள் வேணும். வலிப்பு வர்ற பிள்ளை ஒண்ணு இருக்கு."

"குறிச்சுக்கறோம்," என்றார் எமில். அவளைப் பார்க்கவில்லை. "ஆள் எடுக்க வழியில்ல. குறிச்சுக்கறோம்."

மூன்றாவது விஷயத்துக்குப் போனார்கள்.

திங்கள், காலை 8.30.

ரூத் பிங்கம் கட்டுப்போட்ட கையோடு வந்துவிட்டார். எல்லாம் தெரிந்திருந்தது. கணினியின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஜோலினைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஜோலின் உட்கார்ந்தாள். பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நிமிர்ந்து அறையை எண்ணினாள். பிறகு அனுப்பினாள்.

ஆறு பேர். எல்லோரும் வந்திருந்தார்கள்.