பூச்சு உங்களோடது, செங்கல் எங்களோடது

இப்போதெல்லாம் எதையும் தன்னுடையது என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. நாய் நடைபாதையில் அசிங்கம் பண்ணினால் நாய்க்காரன் வானத்தைப் பார்க்கிறான். ஆபீசுக்கு ஃபோன் போட்டால் பாட்டை வைத்துவிட்டு எங்கோ போய்விடுகிறார்கள். அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே, படுக்கையறைச் சுவரில் வந்திருந்த பழுப்புக் கறை ஈரமா என்று பார்க்க ஆர்னல்ட் டக்கர் கையை வைத்தார். வைத்த கையை உடனே எடுத்தார்.

சுவர் சூடாக இருந்தது.

ஜனவரி மாதம். கிரிம்ஸ்பி துறைமுகத்துக் காற்று எலும்புக்குள் புகுந்து தேடும் காலம். அவருடையது மூன்றாவது மாடியின் கடைசி வீடு. அந்தச் சுவருக்கு அப்பால் வேறு வீடு கிடையாது, வெந்நீர்க் குழாய் கிடையாது. செங்கலும், அதற்கு வெளியே கடற்காகங்கள் கத்திக்கொண்டு பறக்கும் வெறும் காற்றும்தான்.

வீட்டில் பாதி அவருடையது, பாதி அதை விற்ற வீட்டுச் சங்கத்துடையது. சங்கத்தின் பாதிக்கு வாடகை கட்டுகிறவர் அவர்தான். உள்ளே எது பழுதானாலும் முழுக்க அவர் தலையில். கட்டடத்தின் வெளி உடம்பு மட்டும் சங்கத்தின் பொறுப்பு. எதையாவது இடித்து மாற்றுவதென்றால் முதலில் அவர்கள் அனுமதி வேண்டும். கையெழுத்துப் போட்ட அன்றே இதில் ஏதோ சூது இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மனைவி எனிட்டுக்காகத்தான் போட்டார்.

எனிட்டுக்கு அந்தச் சுவர் பிடித்துப்போய்விட்டது. நாற்காலியை அதோடு ஒட்டிப் போட்டு, முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஹீட்டரை அணைச்சிடு, ஆர்னல்ட். இதுவே போதும்."

"முன் ரூமுக்கு வா. அந்தச் சுவர் சரியில்லை."

"உனக்கு எதுதான் சரியா இருந்துச்சு? என் முட்டி வலிக்கலை. எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா இப்படி உக்காந்து?"

அவர் போய் ஹீட்டரை அணைத்தார்.

பாட்டு ஒருவழியாக நின்று, சங்கத்திலிருந்து கிரெய்க் என்ற இளைஞன் வந்தான். வெளியே போய் அண்ணாந்து பார்த்தான். உள்ளே வந்து குனிந்து பார்த்தான்.

"பூச்சு உங்களோடது சார். செங்கல் எங்களோடது. செங்கல் நல்லாத்தான் இருக்கு."

"நடுவுல இருக்கிறது?"

"நடுவுல ஒண்ணும் இல்ல சார். வெறும் இடைவெளி."

"அப்ப தட்டிப் பாரு."

தட்டினான். துறைமுகத்தில் காலமெல்லாம் மீன் இறக்கியவர் ஆர்னல்ட்; பெரிய ஹாலிபட் மீனின் விலாவில் கை பட்டால் எப்படிக் கேட்கும் என்று அவருக்குத் தெரியும். அந்தச் சத்தம்தான் கேட்டது. ஆனால் மீன் சில்லென்று இருக்கும். கொஞ்சம் தாமதமாக, தட்டிய அதே இடத்தில், மறுபுறமிருந்து மெதுவாக ஒன்று தட்டியது.

கிரெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"டீ குடிக்கிறியா?"

"இல்ல சார். அடுத்த வீட்டுக்கு நேரமாச்சு."

படிக்கட்டில் அவன் ஓடுவது கேட்டது.

எதிர்வீட்டு பெவ், வாயில் சிகரெட்டோடு, தன் வாசலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "சுத்தியலை எடுத்து ஒரு போடு போடு, கிழவா. உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிடும்."

"நான் கை வெச்சா அது என்னோடதாயிடும். அனுமதி இல்லாம இடிச்சான்னு சொல்லி என் தலையிலயே கட்டிடுவானுங்க. அதுக்குத்தான் காத்திருக்கானுங்க."

"நீ இடிக்க மாட்டே, அவங்க வர மாட்டாங்க. நடுவுல அவ உக்காந்திருக்கா."

அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு சுவர் சத்தம் போட ஆரம்பித்தது. எனிட் டீயை விழுங்கினால், அவள் தொண்டையில் கேட்ட அந்தச் சின்னச் சத்தம் அவள் முதுகுக்குப் பின்னாலும் ஒருமுறை கேட்டது. அறையெங்கும் ஈரக் கம்பளியும் காய்ச்சிய பாலும் கலந்த வாசனை, ஜன்னலைத் திறந்தாலும் போகாத வாசனை, அவர் சட்டையிலும் தலையணையிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பது குறைந்தது. ஒரு காலை அவளைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவள் தலையை முன்னால் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. பின்தலை முடி சுவரில் இருந்தது. ஒட்டியிருக்கவில்லை. உள்ளே போயிருந்தது.

கத்தரிக்கோலால் வெட்டினார். சுவர் சிலிர்த்தது.

"கடைக்குப் போயிட்டு வா," என்றாள். "சிப்ஸ் வாங்கிட்டு வா. வினிகர் நிறைய."

அவள் கேட்டு அவர் மறுத்ததில்லை. போனார். திரும்பி வந்தபோது மணி நாலுதான், அதற்குள் இருட்டிவிட்டது.

நாற்காலி காலி. கீழே செருப்புகள். ஜோடியாக.

விளக்கைப் போட்டார். சுவர் புடைத்திருந்தது. அதே வெளிர்மஞ்சள் பெயின்ட். ஒரு விரிசல் இல்லை. தோள். முழங்கை. மடியில் கோத்த கைகள். சாய்ந்த தலை. பெயின்டுக்குள் ஒரு காது.

"வந்துட்டியா? கதவை மூடு. காத்து வருது."

சுத்தியலை எடுத்தார். ஓங்கினார். எங்கே அடிப்பது? தோளிலா? தலையிலா? கை அப்படியே நின்றது. இறக்கினார். ஃபோன் போட்டார். பாட்டு. பாட்டு. பிறகு ஒரு பெண்.

"சுவர்ல புதுசா ஏதாவது கூடியிருக்கா சார்? கூடியிருந்தா அது பழுது கணக்குல வராது, மேம்பாடு. அனுமதி இல்லாம எடுக்கவும் கூடாது."

"அது என் பொண்டாட்டி."

"பூச்சுல இருக்காங்களா சார், செங்கல்லயா?"

பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை. சுவர் மூச்சு விட்டது. அவர் மூச்சுக்குச் சரியாக. அவர் அடக்கினார். அதுவும் அடக்கியது.

சிப்ஸ் பொட்டலத்தை நாற்காலியில் வைத்தார். கோட்டைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. படி இறங்கினார். தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

தெருவிளக்கு வெளிச்சத்தில் கட்டடம் முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. மூன்றாவது மாடியில் மட்டும் ஓரிடத்தில் அது உருகி, ஈரச் செங்கலிலிருந்து ஆவி எழுந்தது. உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் அளவு. அதற்குப் பக்கத்தில் இன்னோர் இடம் இப்போதுதான் உருகத் தொடங்கியிருந்தது. உயரம். ஒருபக்கம் சரிந்த தோள். தலையில் தொப்பி.

ஆர்னல்ட் தன் தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"செங்கல் அவனுங்களோடது," என்றார்.

பிறகு துறைமுகத்துப் பக்கம் நடந்தார். இதில் தனக்கும் பங்கு உண்டு என்பதை அவர் அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. மேலே, அவர் எட்டு வைக்க வைக்க, அந்த இரண்டாவது ஈரம் தலையைத் திருப்பிக்கொண்டே வந்தது.