வலப்பக்கத்து பேரிங்

புது பேரிங் முனகக் கூடாது.

வண்டியின் பின்பக்கத்தை இரண்டு முட்டுகளின் மேல் தூக்கி நிறுத்தி, வலது சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை அச்சுக் கூட்டில் ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கேட்டான் லிண்டானி. சக்கரம் மூன்று சுற்று சுற்றி நிற்கும்வரை, சரளைக் கல்லில் யாரோ காலை இழுத்து நடப்பது போல ஒரு சத்தம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அந்த பேரிங்கை அவன் அன்று மத்தியானம்தான் போட்டிருந்தான். பழையதை உளி வைத்து வெட்டி எடுத்து, புதியதை அச்சுத் தண்டில் ஏற்றி, அதைப் பிடித்து நிறுத்தும் இரும்பு வளையத்தை அம்மாவின் கேஸ் அடுப்பில் வைக்கோல் நிறம் வரும்வரை சுட்டு, சூட்டோடு சூடாக இறக்கியிருந்தான். இறக்கும்போது வளையம் கட்டைவிரலில் பட்டது. கருகல் வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் அது தன் தோல் என்று அவனுக்குத் தெரிந்தது.

ஐந்து வாரமாக அவனுக்கு எல்லாமே அப்படித்தான். அண்ணன் ஃபலாக்கே செத்த செய்தி வந்தபோதுகூட, கையில் இருந்த ரொட்டியைத் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தான்.

வண்டி அண்ணனுடையது. எழுபத்திரண்டாம் வருடத்துக் கார். கோழி அடைந்துகிடந்த அதன் வெறும் கூட்டை ஒரு பண்ணையிலிருந்து இழுத்துவந்து, மூன்று வருடம் இரண்டு பேருமாக உயிர்கொடுத்தார்கள். ஃபலாக்கேக்கு வாய் நீளம். தம்பியை 'எருமை' என்று கூப்பிடாமல் அவனால் ஒரு நட்டைக்கூடக் கழற்ற முடியாது. பின்பக்கத்து இரண்டு பேரிங்குகளையும் மாற்ற வேண்டும் என்று முடிவானபோது கடையில் ஒன்றுதான் இருந்தது. அதை இடப்பக்கம் இருவரும் சேர்ந்து போட்டார்கள். வலப்பக்கத்துக்கு இன்னொன்று சொல்லிவைத்தான் லிண்டானி. அது வருவதற்குள் ஒரு கல்யாணத்துக்கு வண்டி வேண்டும் என்று அண்ணன் குதித்தான். லிண்டானி பழைய பேரிங்கையே துடைத்து, கிரீஸ் அடைத்து மாட்டினான். "ரெண்டு பக்கமும் புதுசுதான், போயிட்டு வா" என்றான்.

மூய் ரிவர் ஊரைத் தாண்டியதும் வலது சக்கரம் கழன்றது. வெளியே எறியப்பட்ட அண்ணன் அங்கேயே செத்தான்; அவ்வளவாக நசுங்காத வண்டி வீட்டுக்கு இழுத்துவரப்பட்டது.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. இன்னொன்றையும் சொல்லவில்லை. வழியில் செத்தவனை வழியிலேயே விட்டுவிடக் கூடாது. வீட்டு ஆண் ஒருவன் இலந்தை முள் கிளையோடு அங்கே போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் ஆவியைக் கிளையில் ஏற்றிக் கூட்டிவர வேண்டும். வரும்வழியெல்லாம் 'இது பாலம், இது திருப்பம்' என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். உயிரோடு இருக்கிற யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. சித்தப்பா எல்ஃபஸ் வேன் ஓட்ட, லிண்டானி கிளையை மடியில் வைத்துக்கொண்டு ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டு வந்தான். "அண்ணே, இது ரொஸெட்டா. அண்ணே, இது நாட்டிங்ஹாம் ரோடு. லிட்ஜட்டன். இது லயன்ஸ் ரிவர்."

அப்போது ஃபோன் அடித்தது. பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டான். உதிரிபாகக் கடைக்காரன். "தம்பி, அந்த வலப்பக்கத்து பேரிங் வந்திருச்சு."

"சரி, எடுத்து வைங்க," என்றான் லிண்டானி.

சித்தப்பா வேனை ஓரங்கட்டினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். பிறகு, "நடந்தது நடந்துபோச்சு. உங்கம்மாகிட்ட மூச்சு விடாத," என்றார். கிளை வீட்டுக்கு வந்தது. அண்ணன் வந்தானா என்று லிண்டானிக்குத் தெரியாது. அம்மா மாஸொண்டி கிளையை வாங்கி, பின்சுவரோரம் முன்னோருக்கென்று விட்டிருந்த இடத்தில் சாய்த்துவைத்தாள். அன்றிலிருந்து தினமும் அங்கே ஒரு தட்டு வைக்கிறாள்.

இப்போது அவள் பட்டறைத் தகரக் கொட்டகையின் வாசலில் வந்து நின்றாள். மணி நாலுகூட ஆகவில்லை. ஆனாலும் அணைப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறிவந்து ம்போபொமேனி ஊரின் கூரைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. கொஞ்சம் சத்தம் வருது."

"சனிக்கிழமை துக்கம் கழிக்கிறோம்டா. அன்னிக்கு வண்டி சர்ச் வாசல்ல நிக்கணும். அவன் பாக்கணும்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "லிண்டானி, தட்டுல வச்சது வச்சபடியே இருக்கு. முன்னெல்லாம் உங்கப்பாவுக்கு வச்சா, எனக்குத் தெரியும், வந்துட்டார்னு. இவன் வந்த மாதிரியே இல்ல. நீ சரியாத்தான கூட்டிட்டு வந்த?"

"ஆமாம்மா."

"எல்லா எடமும் சொன்னியா?"

"சொன்னேன்மா."

அவள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குள் போனாள். மக்காச்சோளச் சோறு கிண்டும் துடுப்பின் சத்தமும் புளித்த பாலின் வாசனையும் கொஞ்சநேரம் வந்தன. பனிமூட்டம் கொட்டகைக்குள் நுழைந்ததும் அவையும் நின்றன. பல்சக்கர எண்ணெயின் அழுகின முட்டை நாற்றம் மட்டும் மிச்சம் இருந்தது.

லிண்டானி மறுபடி சக்கரத்தைச் சுற்றி, ஸ்க்ரூ டிரைவரைக் காதெலும்பில் அழுத்தினான். முதலில் அதே இழுவை நடை. பிறகு நடை நின்றது. சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, இரும்பின் வழியாக, அவன் மண்டைக்குள், ஒரு குரல்.

"இது எந்த எடம்?"

அவன் கையை எடுக்கவில்லை. பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம் எங்கோ பக்கத்து வீட்டில் இருப்பது போல இருந்தது. சக்கரம் நின்றதும் குரலும் நின்றது. இன்னும் வேகமாகச் சுற்றினான்.

"இது எந்த எடம்?"

"பக்கத்துல என்ன தெரியுது?" என்றான் லிண்டானி.

"தண்டவாளம். ஒரு பாலம்."

லயன்ஸ் ரிவர். விட்ட இடத்திலேயே நிற்கிறான். ஐந்து வாரமாக, குளிரில், யாராவது வழி சொல்வார்கள் என்று நின்றுகொண்டே இருக்கிறான். லிண்டானியின் உதடு தானாக விரிந்தது. சந்தோஷம்தான். இத்தனை நாள் கழித்து வந்ததால் அதை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பாலத்த தாண்டு. ரோட்ட விடாத. நேரா வா," என்றான்.

சுற்றினான். நடை தொடங்கியது. சரளை, தார், ஈரப் புல். ஒவ்வொரு நடைக்கும் ஒவ்வொரு சத்தம். எல்லாம் பேரிங்கின் உருளைகளுக்குள் தெளிவாகக் கேட்டது. "தண்ணி தெரியுது" என்றது குரல். "மிட்மார் அணை அது. தண்ணிய ஒட்டியே வா." சுற்றினான். வெந்த கட்டைவிரலின் தோல் டயரில் ஒட்டிக்கொண்டு வந்தது. "வேலி இருக்கு." "வேலி முடியிற எடத்துல மலைப் பக்கம் திரும்பு." அண்ணன் எதையாவது சொல்லித் திட்டுவான் என்று காத்திருந்தான். குரல் வழியை மட்டும் கேட்டது.

ஊரின் முதல் விளக்குக் கம்பம் வந்ததும் லிண்டானியால் அடக்க முடியவில்லை.

"அண்ணே, வலப்பக்கம் நான் பழசத்தான் போட்டேன். உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். என்னாலதான்..."

சக்கரம் சுற்றியது.

"வழிய சொல்லு," என்றது குரல்.

எருமை என்று சொல்லவில்லை. லிண்டானி காத்திருந்தான். சொல்லவே இல்லை.

"மூணாவது சந்து," என்றான் மெதுவாக. "உனக்குத்தான் தெரியுமே."

"மூணாவது சந்து. எந்த வீடு?"

"நம்ம வீடுதான்."

"எந்த வீடு?"

"பச்சை கேட்டு."

சொன்ன பிறகுதான் குளிர்ந்தது. முதுகில் தொடங்கி, கழுத்தில் ஏறி, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடி தொட்டிருந்த எலும்புவரை. அந்தப் பச்சை பெயின்ட்டை அடித்ததே ஃபலாக்கேதான்.

"உள்ள யாரு இருக்கா?"

லிண்டானி கையைச் சக்கரத்திலிருந்து எடுத்துவிட்டான்.

சக்கரம் நிற்கவில்லை.

"அவ பேரு என்ன?"

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டான். அது விழுந்த சத்தத்தோடு, வெளியே, பனிக்குள், கேட்டின் தாழ்ப்பாள் விலகியது. கால் இழுபடும் சத்தம். இந்த முறை இரும்பு வழியாக இல்லை. கொட்டகையின் தகரத்தை உரசிக்கொண்டு போனது. வீட்டுக் கதவு திறந்தது.

"யாரது?" அம்மாவின் குரல். பிறகு: "ஐயோ, எம்புள்ள! வந்துட்டியா! வா, உள்ள வா!"

ஓடப்போனவன் திரும்பிப் பார்த்தான். வலது சக்கரம் அவன் கை படாமலே முன்னோக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. வண்டியின் மறுபக்கத்திலிருந்து வேறொரு சத்தம் வந்தது. மெல்லிய, எண்ணெய் போட்ட, ஆரோக்கியமான சத்தம். இடது சக்கரம். கியரில் போட்டுத் தூக்கி நிறுத்திய வண்டியில் ஒரு பக்கம் முன்னால் சுற்றினால் மறுபக்கம் பின்னால் சுற்றும். நடுவில் இருக்கும் பல்சக்கரங்களின் வேலை அது. எந்த மெக்கானிக்கும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்தான். தவழ்ந்து அந்தப் பக்கம் போனான். ஊன்றினான். காதில் வைத்தான்.

தூரத்தில், மிகத் தூரத்தில்:

"டேய் எருமை! யார்கிட்டடா பேசிக்கிட்டிருக்க?"

"அண்ணே."

"எத்தனை தடவ கத்துறது? நீ சுத்தச் சுத்த நான் பின்னால போறேன்டா. லிட்ஜட்டன் போச்சு. நாட்டிங்ஹாம் ரோடு போச்சு. நிறுத்துடா. இப்ப ரொஸெட்டா..."

லிண்டானி இடது சக்கரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தான். அது அவனை இழுத்தது. தோளைக் கொடுத்தான். முழங்காலைக் கொடுத்தான். நின்றது.

குரலும் நின்றது.

திருப்பிச் சுற்றினால் வருவான். வலப்பக்கம் வழி கேட்டு வந்தது திரும்பிப் போய்விடும். இவன் வருவான். அவ்வளவுதான். டயரைப் பிடித்து முன்னால் தள்ளினான். அசையவில்லை. கடப்பாறையைச் சக்கரத்துக்குள் கொடுத்து நெம்பினான். அசையவில்லை. வலப்பக்கம் ஓடினான். அச்சுக் கூட்டிலிருந்து புகை வந்தது. வலப்பக்கத்து பேரிங் வெந்து இறுகிப்போயிருந்தது; அது அசையாமல் இடதும் அசையாது.

"லிண்டானி!"

அம்மா வீட்டு வாசலில் நின்றாள். பின்னால் விளக்கு எரிந்தது. ஐந்து வாரமாக அவன் பார்க்காத முகம். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"தட்டு காலிடா. எல்லாத்தையும் சாப்ட்டான். உன்னையும் கேக்குறான், வா."

அம்மாவின் தோளில் ஒரு கை இருந்தது. அம்மா அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.