நெலூமின் பங்கு

மின்சாரம் போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது. தலைக்கு மேலே மின்விசிறி அசையாமல் தொங்க, தகரக் கூரை வெயிலில் முறுகிப் படபடக்க, தூசியும் சுட்ட மீன் வாடையும் கலந்த ஏப்ரல் அனல் ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்த அந்த மதியத்தில், சாட்சிகள் விடுதியின் இரட்டைக் கட்டிலில் தனியாகப் படுத்திருந்த ரெமாஜி கையை நீட்டியபோது கட்டிலின் மறுபாதி குளிர்ந்திருந்தது.

ஈரமில்லை. விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். அவள் பக்கம் வியர்வையில் ஊறிச் சுட்டது. அந்தப் பக்கம் மட்டும், ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்கு, ஜில்லென்று.

அந்தக் குளிர்ச்சியை அவளுக்குத் தெரியும். எழுந்து போய்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

கதவு தட்டப்பட்டது. சாட்சிகளைக் கவனித்துக்கொள்ளும் கல்தூமா. "மணி ரெண்டரை ஆச்சும்மா. வண்டி வந்துருச்சு." உள்ளே எட்டிப் பார்த்தாள். "யாரு கூடப் பேசிட்டிருந்தீங்க?"

"நான் பேசலையே."

"ரேடியோவா இருக்கும்," என்றாள் கல்தூமா. அறையில் ரேடியோ இல்லை.

வண்டியில் ரெமாஜி பின்சீட்டில் தனியாக உட்கார்ந்தாள். "ஏசி ரிப்பேரும்மா, கோவிச்சுக்காதீங்க," என்றார் ஓட்டுநர். "இன்னைக்கும் ஜெனரலுக்கு மட்டும்தான் ஏசி வண்டி."

"நாட்டை விட்டு ஓடுனப்பவே அந்தாளு ஏசி வண்டியிலதானே ஓடுனாரு," என்று கல்தூமா சிரித்தாள்.

ரெமாஜி சிரிக்கவில்லை. அவளுடைய இடது கை முழுக்க மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன.

ஜெனரல் ஆட்சியிலிருந்து துரத்தப்பட்டு இருபத்தைந்து வருடம். பக்கத்து நாட்டில் சொகுசாக இருந்தவரைப் போன வருடம்தான் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள் என்று வழக்கு. மூண்டூ சந்தையில் மாவுருண்டை பொரித்து விற்றுக்கொண்டிருந்த ரெமாஜியைத் தேடி வந்து வக்கீல்கள் வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். முப்பத்தொரு வருடம் முன்பு, அண்ணன் கிளர்ச்சிக்காரர்களோடு சேரக் காட்டுக்கு ஓடிப்போனதற்காகத் தன்னையும் அக்கா நெலூமையும் பிடித்துப் போனது, அப்போது தனக்குப் பத்தொன்பது வயது, ஒரே கொட்டடியில் முப்பது பெண்கள், காய்ச்சலில் அக்கா செத்தது, எல்லாம் சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அதை அம்மாவிடமும் சொன்னதில்லை. "ஆஸ்பத்திரிலதாம்மா. தூக்கத்துலயே போயிட்டா." அம்மா அதை நம்பியே செத்தாள்.

நீதிமன்றம் நிரம்பியிருந்தது. சாட்சி நாற்காலிக்கு இடப்பக்கம் துணைக்கு வருபவருக்கென்று இன்னொரு நாற்காலி. அது காலியாக இருந்தது. கல்தூமா பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். எதிரே ஜெனரல், சுருங்கிப்போன கிழவராக, மடியில் கை கோத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக யார் என்ன சொன்னாலும் அந்தக் கண்கள் திறக்கவில்லை என்று சொல்லியிருந்தார்கள்.

அவருடைய வக்கீல் எழுந்தார். குரலில் கடுமை இல்லை.

"உங்க அக்கா இருபதாம் தேதி இறந்தாங்கன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. சிறைப் பதிவேட்டுல அவங்க இருபத்து மூணாம் தேதி வரைக்கும் சாப்பாடு வாங்கியிருக்காங்க. செத்தவங்க எப்படிம்மா சாப்பிடுவாங்க? இது பொய்னா மத்ததை எல்லாம் எப்படி நம்புறது?"

அரங்கில் முணுமுணுப்பு. அந்தக் கொட்டடியிலிருந்து உயிரோடு மிஞ்சியவள் அவள் ஒருத்திதான். அவள் சொல்வது பொய்யானால் முப்பது பேரும் இல்லாமல் போய்விடுவார்கள்.

காலி நாற்காலியின் கால் மெல்லக் கிரீச்சிட்டது. திரும்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"பொய் இல்லீங்க," என்றாள். "இருபதாம் தேதி மத்தியானம் செத்துட்டா. காவக்காரன்கிட்டச் சொன்னா, ஒரு பொணத்துக்கெல்லாம் கதவு தெறக்க முடியாது, அஞ்சு சேரட்டும்பான். நான் அதுகூடச் சொல்லலை. அக்கா தூங்குறான்னு சொன்னேன். அவ பங்கு கம்பங்களியை நான் வாங்கித் தின்னேன். மூணு நாளும்."

நீதிபதி எழுதிக்கொண்டே போனார்.

"தகரக் கூரைங்க. ஏப்ரல் மாசம். உள்ள வெந்துட்டிருந்தோம். அவ உடம்பு மட்டும்தான் ஜில்லுனு இருந்துச்சு. அவ கன்னத்துல என் கன்னத்தை வச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். நாத்தம் வந்ததுக்கப்புறமும் விடலை. அதனாலதான் பொழைச்சேன்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள். முப்பத்தொரு வருடமாக நெஞ்சில் கிடந்தது இறங்கியதும் ரெமாஜி தலை நிமிர்ந்தாள்.

ஜெனரல் கண்ணைத் திறந்திருந்தார்.

அரங்கமே அவளைத்தான் பார்த்தது. அவர் மட்டும் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு இடப்பக்கம் பார்த்தார். காலி நாற்காலியை. கீழிலிருந்து மேலே, மெல்ல, யாரோ எழுந்து நிற்பதைப் பார்ப்பது போல. மடியில் கோத்திருந்த கைகள் பிரிந்தன.

குளிர் நெருங்கியது.

தோளில். கழுத்தில்.

ஒரு கன்னம்.

அவள் கன்னத்தின் மேல் வந்து படிந்தது. எலும்பு துருத்திய, பழகிய கன்னம். வெக்கை தாங்காமல் அன்று இவள் ஒண்டியதைப் போலவே அது ஒண்டியது. நடுங்கியது. எவ்வளவு காலமாக நடுங்கிக்கொண்டிருந்ததோ.

கத்தியிருக்கலாம். எழுந்து ஓடியிருக்கலாம்.

ரெமாஜி நாற்காலியில் ஒதுங்கி இடம் விட்டாள்.

"வா அக்கா," என்றாள். "உன் பங்கை எடுத்துக்கோ."

விரல்கள் முதலில் மரத்தன. பிறகு பாதம். பிறகு முழங்கால். வலிக்கவில்லை. நீதிபதி ஏதோ கேட்டார். குரல் எங்கோ தூரத்தில்.

"அம்மா, முடிஞ்சுதும்மா. எந்திரிங்க." கல்தூமா குனிந்து அவள் கையைத் தொட்டாள். தொட்ட வேகத்தில் கையை இழுத்துக்கொண்டாள்.

பயப்படாதே என்று அவளுக்குச் சொல்ல ரெமாஜி நினைத்தாள். சொல்ல மூச்சு வேண்டும். மூச்சு இல்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

அவள் தோளோடு ஒட்டி இன்னொரு நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கன்னத்தில் அழுந்திய கன்னம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறியது.